முதுகு வீடு

ஓக்லிங் என்ற அந்தச் சின்ன இங்கிலீஷ் ஊரில், வயல்களில் சர்க்கரை காய்ச்சும் பீட்கிழங்கு கிண்டி முடித்து, லாரிகள் சேற்றை ரோட்டு நெடுக இழுத்துக்கொண்டு போகும் பருவத்தில், முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற செங்கல் பண்ணைவீடு திரும்பத் தொடங்கியது.

முதலில் அறிந்தது அந்த வீட்டுக்குள் இருந்த நகுலேஸ்வரிதான். கட்டிலில் கிடந்த தன் கணவர் தவபாலனின் கால்மாட்டில் தினமும் வந்து விழும் காலை வெயில் ஒருநாள் அவருடைய முழங்காலில் விழுந்தது, அடுத்த கிழமை வயிற்றில் விழுந்தது, அதற்கும் அடுத்த கிழமை அவள் வெளியே போய்ப் பார்த்தபோது தோட்டத்துக் கல்பாதை வாசற்கதவுக்கு வராமல் வெறுஞ்சுவரில் போய் முட்டி நின்றது. பாதை நகர்ந்ததா வீடு நகர்ந்ததா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, தவபாலனுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய் அரிசியைக் கழுவி உலையில் போட்டாள்.

அந்த வீட்டைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்தது. ஜோசையா பெல் என்ற பண்ணைக்காரன், காய்ச்சலில் துடித்த மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்க் கதவுகளையெல்லாம் தட்டினானாம். தொற்றிவிடும் என்ற பயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லையாம். அவள் வண்டியிலேயே செத்துப்போய்விட்டாளாம். அதற்குப் பிறகு அவன் ஊரில் ஒருவரோடும் பேசாமல், தன் நிலத்துக் களிமண்ணைத் தானே வெட்டி, தன் நிலத்திலேயே சூளை வைத்து, செங்கல் அரிந்து சுட்டு, ஒரு பெரிய புகைபோக்கியை நடுவில் நிறுத்தி அதைச் சுற்றி வீட்டைக் கட்டினான். நாலு அறைக்கும் நாலு நெருப்பிடம், நாலும் முதுகோடு முதுகு ஒட்டி, ஒரே தண்டாய் மேலே எழும்பி, ஓட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு வானத்தில் நிற்கும். ஆளில்லாத சதுப்பு நிலத்தைப் பார்த்த முன்பக்கத்தில் ஒரு கல்லை நீளவாக்கில், அடுத்ததை முனை மட்டும் வெளியே தெரியத் தலைவாக்கில், அடுத்ததை நீளவாக்கில் என்று மாற்றி மாற்றி அடுக்கி, தலைவாக்குக் கற்களை மட்டும் கருநீலமாக வேகவிட்டு, சுவர் முழுவதையும் பாய் பின்னியது போல ஆக்கி, அதில் ஏழு ஜன்னல்களையும் அழகான ஒரு வாசலையும் வைத்து, இரண்டு ஓரச் சுவர்களின் முகடுகளையும் அலைபோலச் சுருட்டி இறக்கினான். ஊரைப் பார்த்த பின்பக்கத்தில் மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு ஜன்னல் இல்லை, ஒரு காற்றுத் துவாரம்கூட இல்லை. ஊரார் அதற்கு முதுகு வீடு என்று பெயர் வைத்து, தலைமுறை தலைமுறையாய் அந்தச் சுவரைப் பார்த்து, பார்த்துப் பார்த்தே அதைக் கவனிக்காமல் கடந்துபோகப் பழகிக்கொண்டார்கள்.

தவபாலனும் நகுலேஸ்வரியும் லண்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வழி தவறி இந்தப் பக்கம் வந்தபோது தவபாலன் முன்சுவரைக் கண்டார். வழி சொன்னவரிடம் கதையையும் கேட்டிருந்தவர், கண்ட இடத்திலேயே இறங்கி, கையால் தடவிப் பார்த்து, "நகுலா, இதைக் கட்டினவன் கோவத்திலையும் ஒரு கல்லைக் கோணலா வைக்கேல்லைப் பார்" என்று சொன்னார். கடையை விற்று வந்து குடியேறிய முதல் வசந்தத்திலேயே அவருக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் ஒருமிக்கப் போயின. நகுலா அவருடைய கட்டிலைக் கீழறை ஜன்னலோரம் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே சதுப்பும் நாணலும் ஆகாயமும் மட்டும்தான். ஊர்ச்சனம் கெட்ட சனம் இல்லை. ஆனால் வாசலுக்கு வர வேண்டுமென்றால் வீட்டைச் சுற்றி, தொட்டால் சுணைக்கும் காஞ்சோண்டிப் பற்றைக்கூடாகச் சேற்றில் நடக்க வேண்டும். அவர்கள் கொண்டுவந்த கேக்கை மதிலில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது வீடு, நடுப் புகைபோக்கியை அச்சாக்கி, திரிகைக் கல் சுற்றுவது போல, ஆனால் எந்தத் திரிகையும் சுற்றாத அளவு மெதுவாக, கிழக்கை விட்டுத் தெற்குப் பக்கமாய்த் திரும்பியது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. குவளைத் தண்ணீர்கூட அலையாது. ஆனால் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஊர் ஏன் என்று கேட்கவில்லை, எப்படிச் சமாளிப்பது என்றுதான் கேட்டது. குழாய்க்காரர் வந்து தண்ணீர்க் குழாயை வெட்டி, நடுவில் சுருள் சுருளாய் நெளியும் குழாய் ஒன்றைப் பூட்டி, "கொஞ்சக் காலத்துக்கு இது காணும், இழுபட்டால் கூப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மின்சாரக் கம்பியைத் தளர்த்தி விட்டார்கள். தபால்காரப் பெண் சைக்கிளை நிறுத்தி, இன்றைக்கு வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். பள்ளிக்கூட ரீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, பெரிய மரப் பாகைமானியைச் சுவரோடு பிடித்துக் கோணம் படிப்பித்தாள். பாதிரியார், வீடு திரும்புவதைப் பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் மனிதர் திரும்புவதைப் பற்றி நிறைய இருக்கிறது என்று பிரசங்கத்தில் சொன்னார். ஊரில் காலம் சொல்லும் முறைகூட மாறிப்போய், "அது நடந்தது வீடு காற்றாலையைப் பார்த்த கிழமை" என்றும், "வீடு பாலத்துக்கு வரும்போது ஆட்டுக்குட்டிகள் பிறந்துவிடும்" என்றும் பேசிக்கொண்டார்கள்.

தவபாலனின் ஜன்னலுக்குள் ஒவ்வொரு கிழமையும் புதிதாக ஒன்று வந்து நுழைந்தது. முதலில் வந்தது ஒரு நெட்டை மரம். நகுலா அவருடைய முதுகைத் துடைப்பதற்குத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது, பின்னால் கரகரத்த ஒரு குரல், "மரம்" என்றது. பேச்சு வைத்தியர் படம் போட்ட அட்டைகளை மாதக்கணக்கில் காட்டியும் வராத சொல். நகுலாவின் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"என்னப்பா? என்ன சொன்னியள்? இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"மரம்" என்றார் தவபாலன், இதைப்போய் ஏன் கேட்கிறாய் என்பது போல.

பிறகு காற்றாலை வந்தது, "ஆலை" என்றார். செம்மறி மந்தை வந்தது, "ஆடு" என்றார். குதிரையில் ஒரு பெண்பிள்ளை போனபோது "பெட்டை, குதிரை" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லிவிட்டு, பெரிய வேலை முடித்தவர் போலக் களைத்துப் படுத்தார்.

நகுலா லண்டனில் இருந்த தம்பி குகதாசனுக்கு போன் பண்ணிச் சொன்னாள். அவன் பல மாதமாக, அத்தானை லண்டனில் ஒரு பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கலாம், நீ என்னோடு வந்திரு என்று சொல்லிக்கொண்டிருப்பவன்.

"அக்கா, வீடு திரும்புது எண்டு சொல்லுறாய். நிக்கிற வீட்டையே வாங்க ஆளில்லை. திரும்புற வீட்டை ஆர் வாங்குவினம்?"

"தம்பி, உன்ரை அத்தான் கதைக்கிறார்."

"எத்தினை சொல்லு? நாலோ, அஞ்சோ? அத்தானைத் தூக்கித் தூக்கி உனக்கு இடுப்பு, நாரி எல்லாம் முறிஞ்சு போகும் அக்கா, ஒருத்தரும் இல்லாத இடத்திலை கிடந்து."

அவன் சொன்னதும் பொய்யில்லை. அவள் ஒரு முழு இரவு தூங்கி எவ்வளவோ காலமாகியிருந்தது.

வீடு தெற்கைப் பார்க்க வந்தபோதுதான் சிக்கல் வந்தது. தெற்கில், கொஞ்சம் மேட்டில், எட்வின் பிளாக்கெட்டின் வீடும் வளவும். மனைவி செத்த பிறகு ஒருவரோடும் ஒட்டாமல் தனியே இருக்கும் வயசாளி. இரண்டு வளவுக்கும் நடுவில் அவருடைய முப்பாட்டன் கட்டிய செங்கல் மதில் ஒன்று ஓடியது. அந்தப் பகுதியில் சில இடங்களில் அப்படிக் கட்டுவார்கள், ஒற்றைக் கல் தடிப்பில், பாம்பு போல வளைந்து வளைந்து போகும். நேராகக் கட்டினால் விழுந்துவிடும், வளைவுதான் அதைத் தாங்குகிறது. வெயில் பக்கத்து வளைவுகளில் எட்வின் பீச் பழ மரங்களைப் படரவிட்டிருந்தார். வீட்டின் ஓர மூலை இப்போது அந்த மதிலின் ஒரு வளைவுக்கு மிகக் கிட்ட வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் மதிலை இடித்துத் தள்ளிவிடும்.

எட்வின் கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்தார். கவுன்சிலிலிருந்து பழங்கட்டடங்களைப் பார்க்கும் ஹேஸல் என்ற பெண் வந்தாள். அவள் முன்சுவரைக் கண்டதும் கையுறையைக் கழற்றி, கற்களுக்கு நடுவிலிருந்த சுண்ணாம்புச் சாந்தை விரலால் தொட்டுப் பார்த்து, புகைபோக்கித் தண்டில் காதை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"இந்த மாதிரி வீட்டிலை ஒரு ஜன்னலை மாத்திறதுக்கே அனுமதி வேணும்" என்றாள் நகுலாவிடம். "தானாய்த் திரும்புற வீட்டுக்கு என்ன சட்டம் எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆனால் பக்கத்து வளவுக்காரர் முறைப்பாடு குடுத்தால் நான் நிப்பாட்டத்தான் வேணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஆட்கள் வந்து, வீட்டின் நாலு மூலையிலும் இரும்பு முட்டுகளை நிலத்தில் ஆழ ஊன்றி இறுக்கினார்கள். வீடு நின்றது.

நின்ற பிறகு வீட்டுக்குள் சத்தங்கள் வரத் தொடங்கின. விட்டங்கள் முனகின. பாய் பின்னிய அந்தச் சுவரில், கல்லையும் சாந்தையும் பிடித்துப் படி படியாய் ஏறும் வெடிப்பு ஒன்று வந்தது. ஹேஸல் வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவிட்டுப் போவாள், அடுத்த முறை வரும்போது அவை உடைந்திருக்கும், உதட்டைக் கடித்துக்கொண்டு புதியதை ஒட்டுவாள். தவபாலனின் ஜன்னலில் இப்போது ஒரே காட்சிதான். மதிலுக்கு மேலே தெரிந்த எட்வினின் சமையலறைப் பின்புறம். ஒரு வாளி. ஒரு துணிக்கொடி. கொடியில் ஒரு சட்டை.

"ஒரு சட்டை" என்றார் தவபாலன் முதல் நாள். இரண்டாம் நாளும் அதுவே. பிறகு நாட்கள் போகப் போக அதையும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு மட்டும் கிடந்தார். மரமும் ஆலையும் ஆடும் எங்கே போயின என்று நகுலா கேட்டால் கண்ணை மூடிக்கொண்டார். ஒருநாள் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது அவளுடைய நாரியில் கொளுவிப் பிடித்தது. தரையில் இருந்து எழும்ப முடியாமல், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, அழாமல், போனை எடுத்தாள்.

"சரி தம்பி. சாமான் ஏத்த வானைக் கொண்டு வா. நாங்கள் வாறம்."

அதே கிழமையில்தான் எட்வின் பிளாக்கெட் கதவைத் தட்டினார். நகுலாவுக்குத் தெரிய வேலை நிமித்தம் இல்லாமல் அந்தக் கதவை வெளியிலிருந்து தட்டிய முதல் ஊர்க்காரர் அவர்தான். வாசல் இப்போது அவருடைய வளவுக்கு நேரே இருந்தது.

"உங்கடை மனுசன் ஏன் என்னையே பாத்துக்கொண்டிருக்கிறார்?" என்றார். "காலமை பல்லு மினுக்கேக்கையும் பாக்கிறார். சாப்பாட்டுக்குப் பாண் வெட்டேக்கையும் பாக்கிறார். நேற்று ஒரு போர்வையைக் கட்டி மறைச்சன். காத்துக்குப் பறந்துபோச்சு, பாத்தால் அங்கை இருந்து இடது கையைத் தூக்கிக் காட்டுறார்."

நகுலாவுக்கு நாரி வலியோடு கோபமும் சேர்ந்து வந்தது. "அவர் வேறை எதைப் பாக்கிறது? நீங்கள்தானே வீட்டை நிப்பாட்டினியள். வீடு நிண்ட இடத்துக்கு நேரை நீங்கள் இருக்கிறியள். உள்ளுக்கு வாங்கோ. வந்து இருந்து பாருங்கோ, அவர் என்னத்தைப் பாக்கிறார் எண்டு."

எட்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். உத்தரத்தில் தலை முட்டாமல் குனிந்து, கட்டிலோரக் கதிரையில் உட்கார்ந்தார். தவபாலன் அவரைத் திரும்பிப் பார்த்து, தினமும் வந்துபோகும் ஒருவரைப் பார்ப்பது போலத் தலையாட்டிவிட்டு, மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். எட்வினும் பார்த்தார். கொடியில் ஒரு சட்டை. ஜன்னல் விளிம்பில் ஒரு கோப்பை. படியில் ஒரு சோடிச் சப்பாத்து. அவருக்கு நேரே, அவர் இல்லாத அவருடைய வீடு.

நகுலா அவருக்கு ஏதாவது கொடுப்போம் என்று சமையலறைக்குப் போய் வந்தபோதும் அவர் அசையவில்லை.

"நான் ஒவ்வொரு நாளும் இதுக்குள்ளைதான் இருக்கிறன்" என்றார் கடைசியில். "வெளியிலை இருந்து பாத்ததில்லை."

தவபாலன் நல்ல கையை நீட்டி, எட்வினின் கோட்டுக் கையைப் பிடித்து, ஜன்னலைக் காட்டி, பல நாட்களுக்குப் பிறகு வாய் திறந்து, "ஒரு சட்டை" என்றார். தமிழில்தான் சொன்னார். எட்வின் என்ன என்று நகுலாவைப் பார்த்தார். அவள் சொல்லாமல் விடலாம் என்று நினைத்து, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். எட்வின் எழும்பினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் மதில் பக்கம் டக், டக் என்று சத்தம் கேட்டது. நகுலா போய்ப் பார்த்தாள். எட்வின் உளியும் சின்னச் சுத்தியலும் வைத்து, வீட்டு மூலை தொடவிருந்த வளைவின் உச்சியிலிருந்து ஒவ்வொரு கல்லாய்க் கழற்றிக்கொண்டிருந்தார். பீச் மரக் கொப்புகளை முதலே பத்திரமாக அவிழ்த்து, சாக்கால் சுற்றி வைத்திருந்தார். கழற்றிய கல்லில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டி, புல்லில் அடுக்கினார்.

"முப்பாட்டன் கட்டின மதில் எண்டியள்?"

"அவரும் இதை ஒருக்கா இடிச்சுத்தான் கட்டினவர்" என்றார் எட்வின். "சும்மா நிக்காமல் அந்த வாளியை இஞ்சாலை தள்ளிவிடுங்கோ."

நகுலா நாரியைப் பிடித்துக்கொண்டு வாளியைத் தள்ளினாள். அதைப் பார்த்த தபால்காரப் பெண் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து, "நீங்கள் குனியக் கூடாது" என்று அவளை ஒரு பெட்டியில் உட்காரவைத்துவிட்டுத் தான் கல் சுமந்தாள். மத்தியானம் பாதிரியார் வந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து, ஆளுக்கொரு கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி, பாதிரியாரின் கோவிலுக்குப் போகும் ரோடு வரைக்கும் வரிசை போட்டார்கள். அந்த நேரத்தில்தான் குகதாசன் சாமான் ஏற்றும் வானோடு வந்திறங்கினான். வெளுத்த சேர்ட்டும் மினுங்கும் சப்பாத்துமாய், ஏற்றவேண்டிய சாமான்கள் எங்கே என்று தேடினான்.

"அக்கா, எல்லாம் கட்டி ரெடியா?"

"இல்லைத் தம்பி. இதைக் கொஞ்சம் பிடி."

அவன் என்னவென்று கேட்கும் முன்னே யாரோ ஒரு பிள்ளை அவன் கையில் ஒரு கல்லை வைத்துவிட்டது. அடுத்த கல்லும் வந்துவிட்டது. நின்றால் வரிசை நின்றுபோகும் என்பதால் அவன் வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பொழுதுபடும்போது அவனுடைய சேர்ட் செங்கல் நிறமாகியிருந்தது, இடம் பெயர்வது பற்றி அவன் அன்று பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் வெறும் வானை ஓட்டிக்கொண்டு லண்டனுக்குப் போனான். போகும்போது, "மாதம் ஒருக்கா வந்து அத்தானைப் பாக்கிறன், நீ அந்த நேரம் படுத்து நித்திரை கொள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எட்வின் முறைப்பாட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஹேஸல் ஓடோடி வந்து, ஆட்களை வைத்து முட்டுகளைத் தளர்த்தினாள். கடைசி இரும்பு முட்டுத்தண்டைக் கழற்றியபோது எல்லோரும் ஏதோ பெரிய சத்தம் வரும் என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஹேஸல் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் உடையவில்லை, வீட்டின் மூலை மதில் இல்லாத இடைவெளிக்கூடாக ஒரு மாடு வாசலால் போவது போல அலுங்காமல் போனது.

பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். வீடும் தன் வேலையைப் பார்த்தது. எட்வினின் கொடி ஜன்னலை விட்டு நகர்ந்தது. காட்சி போய்விட்டதே என்று எட்வின் நினைத்தாரோ என்னவோ, மதில் இருந்த இடத்தால் நடந்து தினமும் காலையில் வந்து, கட்டிலோரக் கதிரையில் இருந்து, தவபாலன் என்ன பார்க்கிறாரோ அதையே தானும் பார்த்தார். ஆப்பிள் தோட்டம் வந்தது. பாலம் வந்தது. பாலத்தில் போகும் ஆட்கள் வந்தார்கள். தவபாலன் தமிழில் ஒரு சொல்லைச் சொல்ல எட்வின் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சொல்ல, இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளவும் இல்லை. எட்வின் அவரைத் தூக்கிச் சாய்த்துவைக்கப் பழகினார். முகம் வழிக்கப் பழகினார். கடைசியில் குளிப்பாட்டவும் பழகினார். ஆரம்பத்தில் வெட்கப்பட்ட நகுலா, "நான் கன்னுக்குட்டியெல்லாம் குளிப்பாட்டினவன்" என்று அவர் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

கோதுமை முற்றும் காலத்தில் வீடு ஊரைப் பார்த்து முழுதாய்த் திரும்பி நின்றது. ஏழு ஜன்னல்களும் மாலை வெயிலை வாங்கி ஊருக்குள் திருப்பி அனுப்ப, இத்தனை காலமும் மாலையில் இருண்டே கிடந்த சமையலறைகளிலெல்லாம் செம்மஞ்சள் வெளிச்சம் நுழைந்தது. பெண்கள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அந்த முன்சுவரை, அதன் கருநீலப் பின்னலை, ஊரில் பலர் அன்றைக்குத்தான் நேருக்கு நேராய்ப் பார்த்தார்கள். ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றினார். ஹேஸல் சுவரோரம் நின்று, வெடிப்பு தானாய் மூடிக்கொண்ட இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். வெறும் முதுகு இப்போது சதுப்பைப் பார்த்தது. நாரைகளுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

கதவுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த புல்லில், எட்வின் தன் மதில் கற்களைப் பாவி ஒரு பாதை போட்டிருந்தார். அன்றைக்குத் தவபாலனைச் சக்கர நாற்காலியில் இருத்தி, காலுக்குப் போர்வை சுற்றி, "போவமா?" என்று கேட்டார்.

"போ" என்றார் தவபாலன்.

"நானும் வாறன், கொஞ்சம் நில்லுங்கோ, செருப்பு..." என்றாள் நகுலா.

"வேண்டாம், நீங்கள் இருங்கோ" என்றார் எட்வின். "நாங்கள் கோவில் வரைக்கும் போட்டு வாறம்."

நாற்காலி வண்டி ரோட்டில் ஏறியது. சுவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனவர்கள் இப்போது ஒவ்வொருவராய்க் கிட்ட வந்து, குனிந்து, தங்கள் பெயரைச் சொன்னார்கள். தவபாலன் ஒவ்வொரு பெயரையும் வாயில் வைத்து உருட்டி, பாதியை விழுங்கி, மீதியைத் திருப்பிச் சொன்னார். பிழையாகச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வண்டி தள்ளத் தள்ள அவருடைய குரல் அடுத்த வீட்டுக்கும், அதற்கடுத்த வீட்டுக்கும், பள்ளிக்கூடத்து வளைவுக்கும் நகர்ந்து, சின்னதாகிக்கொண்டே போனது.

நகுலா வாசற்படியில் நின்று கேட்டாள். அவர் விழுந்த நாளிலிருந்து அவருடைய சத்தம் கேட்காத தூரத்துக்கு அவள் போனதில்லை, அவரும் போனதில்லை. கை தன்பாட்டில் எதையோ துடைக்கத் தேடியது, ஒன்றும் இருக்கவில்லை. அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். நாற்காலியொன்றை இழுத்துத் திறந்த கதவுக்கு நேரே போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, சூடு ஆறும் முன்னே, ஒருத்தரும் கூப்பிடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.